மாதத்தின் முதல் சனிக்கிழமை

2005-இல் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தபோது, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் மூன்றாவது மாடியில் எனக்கு ஒரு கட்டில் கிடைத்தது. அறையில் மொத்தம் மூன்று கட்டில்கள். மற்ற இரண்டில் ஒன்று ஆம்பூருக்கு, இன்னொன்று தஞ்சாவூருக்கு. பக்கத்து அறையில் விழுப்புரம். மேன்ஷனில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஊர்தான் பெயர். நான் கோவில்பட்டி. சில மாதங்கள் கழித்து என் ஆபீஸிலிருந்து ஒரு தோழி எங்களோடு சேர்ந்துகொண்டாள். சென்னையிலேயே பிறந்தவள் என்றாலும் எங்கள் வழக்கப்படி அவளுக்கும் ஏரியா பெயரே வைத்தோம்: பெரம்பூர்.

மாதம் முழுக்க மெஸ்ஸில் டோக்கன் வாங்கி, பின்னால் ஒருவர் நின்றுகொண்டு நம் இலையையே பார்த்துக்கொண்டிருக்க, அவசரமாகச் சாப்பிடுவோம். சம்பளம் வந்த பிறகு வரும் முதல் சனிக்கிழமை ராத்திரி மட்டும் நல்ல ஹோட்டல். ஒவ்வொரு மாதமும் ஒருவர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பில்லை ஐந்தாகப் பிரிப்போம். டிப்ஸ் மட்டும் இடம் தேர்ந்தெடுத்தவன் தலையில்.

ஆம்பூர் எங்களை மவுண்ட் ரோடு புஹாரிக்குக் கூட்டிப் போனான். 1951-இல் ஏ.எம்.புஹாரி தொடங்கிய ஹோட்டல் அது. சிக்கன் 65 பிறந்த இடம் என்றும், அது பிறந்த வருஷம் 1965 என்றும் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு ஊரில் வேறு பல விளக்கங்களும் உண்டு, எங்கள் மேஜையிலேயே மூன்று ஓடின. "எல்லாம் சரிடா, பிரியாணின்னா சீரக சம்பாதான்" என்று ஆம்பூர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. சைவமான தஞ்சாவூர் பன் பட்டர் ஜாமும் டீயும் வாங்கிக்கொண்டு, நாங்கள் எலும்பு கடிப்பதை வேடிக்கை பார்த்தான்.

அவன் முறை வந்தபோது ட்ரைவ்-இன் உட்லண்ட்ஸ். ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவில், காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் இடம். எங்களிடம் கார் ஏது? உள்ளே போய் உட்கார்ந்தோம். 1962-இல் திறந்தது, 2008-இல் மூடிவிட்டார்கள். இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. விழுப்புரத்தின் தேர்வு பர்மா பஜார் பக்கம் அத்தோ. அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் இந்த நகரத்துக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. என் தேர்வு முனியாண்டி விலாஸ். மதுரைப் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி சாமி பெயரில் 1930-களில் தொடங்கித் தமிழ்நாடு முழுக்கப் பரவிய கடைகள். தை மாதம் அந்தக் கோயிலில் பிரியாணிதான் பிரசாதம் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

பெரம்பூர் இடம் தேர்ந்தெடுத்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்க ஃபேமிலி ரூம்ல உக்காரச் சொல்வாங்களா?" பல பழைய ஹோட்டல்களில் பெண்கள் வந்தால் பிளைவுட் தடுப்புக்கோ திரைக்கோ பின்னால் இருக்கும் சின்ன அறைக்கு அனுப்பிவிடுவார்கள். நாலு ஆண்களோடு ஒரு பெண் பொது ஹாலில் உட்கார்ந்தால் சர்வருக்கே என்னவோ போல் இருக்கும். "நாம என்ன ஃபேமிலியா? எனக்கு ரோடு தெரியற டேபிள்தான் வேணும்" என்பாள். அவள் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஹோட்டலில் சாப்பிட்டதே இல்லையாம். அதற்குப் பிறகு சாப்பிட்டதும் திரைக்குப் பின்னால்தான்.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது சும்மா சந்தோஷம். நகரத்துக்கு வந்தோம், சம்பாதித்தோம், சாப்பிட்டோம். ஐந்து பேர் ஒரு மேஜையில் உட்கார்வதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. விழுப்புரத்தின் தாத்தா வரும்வரை.

கண் ஆபரேஷனுக்காகத் தாத்தாவைச் சென்னைக்குக் கூட்டி வந்திருந்தான். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. அவரையும் அழைத்துக்கொண்டு திருவல்லிக்கேணியிலேயே ஒரு சைவ ஹோட்டலுக்குப் போனோம். தாத்தா நாற்காலியின் ஓரத்தில்தான் உட்கார்ந்தார். ரவா தோசையை ரசித்துச் சாப்பிட்டார். காபி வந்தது, ஆற்றிக் குடித்தார். குடித்து முடித்ததும் டபராவையும் டம்ளரையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

கை கழுவ இடம் தேடுகிறார் என்று நினைத்தேன்.

விழுப்புரம் மெல்ல அவர் கையைப் பிடித்தான். "வெச்சிடு தாத்தா. அவங்களே கழுவிப்பாங்க."

தாத்தா வைத்துவிட்டார். ஆனால் உடனே உட்காரவில்லை. மேஜை துடைக்கும் பையன் வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்றைக்கு மேஜையில் யாரும் எதுவும் பேசவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததற்குக் காரணம் என் ஊர். எங்கள் ஊர் டீக்கடையின் பின்பக்கச் சுவரில் ஆணி அடித்துச் சில கிளாஸ்கள் தொங்கும். அதில் குடிப்பவர்கள் குடித்து முடித்ததும் அவர்களே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். சின்ன வயதில் தினமும் பார்த்திருக்கிறேன். நான் கடையின் முன்பக்கத்தில் டீ வாங்கியவன். அந்த ஆணிகளைப் பற்றி யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கையில் கிடைத்தது ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. காபியின் கதையாகத் தொடங்குவது சீக்கிரமே ஜாதியின் கதையாகிவிடுகிறது.

வெளியிடத்தில் காசு கொடுத்துச் சாப்பிடுவது நம் ஊரில் பழைய பழக்கம் இல்லை. பயணம் போனால் கட்டுச்சோறு, இல்லாவிட்டால் சத்திரம். சமைத்த சோறு யார் கையால் வருகிறது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளும் தீட்டோடு கட்டப்பட்டவை. பந்தி என்பதே வரிசைதான்: யார் முதல் பந்தி, யார் கடைசிப் பந்தி, யாருக்குப் பந்தியே கிடையாது. ரயிலும் ஆபீஸும் கோர்ட்டும் காலேஜும் வந்து, வீட்டை விட்டு வெகுதூரம் வந்த ஆண்கள் நகரத்தில் குவிந்தபோது காபி கிளப்புகள் முளைத்தன. பெரும்பாலும் பிராமணர் நடத்தியவை. பிராமணர் சமைத்தால் எல்லோரும் சாப்பிடலாம் என்பது கணக்கு. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் சாப்பிடலாம் என்பது அந்தக் கணக்கில் இல்லை. பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தலித்துகளுக்குப் பல கடைகளில் வாசல்கூட இல்லை.

வெள்ளைக்காரர்கள் மட்டும் என்ன? 1832-இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் இந்தியர் உறுப்பினராக முடியாது. 1873-இல் இந்தியப் பிரமுகர்கள் காஸ்மோபாலிட்டன் கிளப்பைத் தொடங்கினார்கள். மேலே இருந்தவர்களுக்கு அப்படி ஒரு வழி கிடைத்தது. படிக்க வந்த ஏழை மாணவனுக்கு? நான் தங்கியிருந்த அதே திருவல்லிக்கேணியில், 1916-இல், டாக்டர் சி.நடேச முதலியார் பிராமணரல்லாத மாணவர்களுக்காகத் 'திராவிடர் இல்லம்' என்ற விடுதியைத் தொடங்கினார். தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைக்காமல் படிப்பையே விட வேண்டிய நிலை அப்போது இருந்தது. நம் அரசியலின் பெரிய வார்த்தைகளுக்குப் பின்னால் சாப்பாட்டு இலை ஒன்று இருக்கிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் 1920-களில் வெடித்ததும் அதே பிரச்சினைதான்: பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது.

ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில்கூடப் பிராமணருக்கு ஒரு பகுதி, மற்றவர்களுக்கு ஒரு பகுதி. டிக்கெட்டுக்கு ஒரே காசு, சாப்பாட்டுக்கும் ஒரே காசு, உட்காரும் இடம் மட்டும் வேறு. பெரியாரும் அவர் தோழர்களும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-இல்தான் அந்தப் பிரிவினை நீங்கியது.

1950 ஜனவரி 26. அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 15-ஆவது பிரிவை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். மதம், ஜாதி, பால், பிறந்த இடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாத இடங்கள் என்று அதில் ஒரு பட்டியல் வருகிறது: கடைகள், பொது உணவகங்கள், தங்கும் விடுதிகள், கிணறுகள், குளங்கள். ஒரு நாட்டின் மூலச் சட்டத்துக்குள் ஹோட்டல் எதற்காக வருகிறது? எழுதியவர்களுக்கு நம் ஹோட்டல்களைத் தெரியும், அதனால்தான். 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தது. ஹோட்டலுக்குள் விடாமல் தடுப்பது மட்டுமல்ல, அங்கே பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. அந்த வரியைப் படித்தபோது தாத்தா கையிலிருந்த டம்ளர்தான் கண் முன்னால் வந்தது. அந்த டம்ளருக்காக டெல்லியில் ஒரு சட்டம் இருந்தது. எங்கள் ஊர் ஆணிகளுக்கு அது போய்ச் சேரவில்லை.

சட்டம் வந்த பிறகும் மெட்ராஸ் ஹோட்டல்களின் போர்டுகளில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் மறியலைத் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்தது. தினமும் ஆட்கள் வந்து நின்று கைதாகிப் போனார்கள். கடைசியில் போர்டிலிருந்து அந்தச் சொல் போனது. ஒரு போர்டுக்கு இவ்வளவு கலாட்டாவா என்று அந்தக் காலத்திலேயே கேட்டிருப்பார்கள். உள்ளே போகத் தயங்கி நின்றவன்தான் போர்டைக் கவனிப்பான். யோசிக்காமல் உள்ளே நுழைகிறவன் அதைப் படிப்பதே இல்லை.

போராட்டம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வியாபாரத்துக்கும் பங்கு இருக்கிறது. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து ஹோட்டல் சமையலறையில் எடுபிடியாகத் தொடங்கிய கே.கிருஷ்ண ராவ் 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் திறந்தார். கல்யாணம், கச்சேரி, மீட்டிங் என்று நகரம் அங்கே கூடிப் பழகியது. இந்தப் பக்கம் மிலிட்டரி ஹோட்டல்களும் புஹாரியும் முனியாண்டி விலாஸும் வந்தன. முதலில் வந்தவருக்கு முதல் மேஜை, காசு கொடுத்தால் தோசை. ஹோட்டல்காரருக்கு மேஜை காலியாக இருந்தால் நஷ்டம். ஆனால் காசு மட்டுமே கதவைத் திறந்துவிடும் என்றால் 1941-உம் 1957-உம் தேவைப்பட்டிருக்காது. வாங்கக் காசு வைத்திருந்தவர்களைத்தானே பிரித்து உட்கார வைத்தார்கள்!

இதையெல்லாம் ஒரு முதல் சனிக்கிழமை மேஜையில் கொட்டினேன். புதிதாகப் படித்தவனின் உற்சாகம். ஆம்பூர் கேட்டுக்கொண்டான், தஞ்சாவூர் குறுக்கே கேள்வி கேட்டான். விழுப்புரம் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் போட்டுக்கொண்டே, "நீ இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட, சந்தோஷம்டா" என்றான். அப்புறம் ஒன்று கேட்டான்.

"நாம ஏன்டா எப்பவும் ஹோட்டல்லயே மீட் பண்றோம்?"

அப்போது மேன்ஷன் காலம் முடிந்திருந்தது. எல்லோரும் வாடகை வீடுகளுக்குப் போய்விட்டோம். தஞ்சாவூரின் ஹவுஸ் ஓனர் அசைவம் சமைக்கக் கூடாது, வருகிறவர்கள் கொண்டுவரவும் கூடாது என்று சொல்லித்தான் வீடு கொடுத்திருந்தார். ஆம்பூருக்கு, பெயரைச் சொன்னதும் பல வீடுகள் 'இப்பத்தான் முடிஞ்சுது' ஆகிவிட்டன. பெரம்பூர் வீட்டில் நாலு ஆண் நண்பர்கள் என்றால் அம்மாவுக்குப் பதில் சொல்லி முடியாது. நான்? தடை சொல்ல என் வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் ஊரிலிருந்து அப்பா வந்து தங்கும் நாட்களில் விழுப்புரத்தை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அப்பா சாப்பாட்டுக்கு நடுவில் "தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கூப்பிடவில்லை. இதை அவனிடம் சொல்லவும் இல்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நூறு வருஷப் போராட்டம் ஹோட்டல் மேஜையைத் திறந்துவிட்டது. வீட்டுச் சமையலறையைத் திறக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அது எங்கள் கையில் இருந்தது, நாங்கள் பில்லை ஐந்தாகப் பிரித்துவிட்டுக் கலைந்துகொண்டிருந்தோம்.

விழுப்புரம்தான் முதலில் கூப்பிட்டான். அதற்குள் தாத்தா போய்விட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் பஸ் பிடித்து அவன் ஊருக்குப் போனோம். ஹாலில் பாய் விரித்து வாழையிலை போட்டிருந்தார்கள். கருவாட்டுக் குழம்பு, முட்டை, ரசம். தஞ்சாவூருக்காகத் தனியாக உருளைக்கிழங்கு வறுவலும் கத்திரிக்காய் கூட்டும். அவன் அம்மா பரிமாற வந்தவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

"எங்க வீட்டுல சாப்பிடுவீங்களா தம்பி?" என்று கேட்டார். எல்லோரையும் பார்த்துத்தான் கேட்டார்.

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு படித்திருந்தும் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

தஞ்சாவூர்தான் இலையில் இருந்த சோற்றை நடுவில் குழித்துக்கொண்டு சொன்னான்: "ரசத்துலேருந்தே ஆரம்பிச்சுக்கறேம்மா. நெறைய ஊத்துங்க, பசி."