பணிக்கருக்கு இரண்டு வீடுகள்

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்து, 1977-ல் சென்னையில் மறைந்தவர். அவர் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட இடங்கள் இரண்டு. சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஒன்று. திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் அவருடைய படைப்புகளுக்கென்றே கேரள அரசு அமைத்த காட்சிக்கூடம் மற்றொன்று. இரண்டுக்கும் நாயகர் ஒருவரே. ஆனால் வருகிறவர்களை வரவேற்கும் முறையில் இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கின்றன.

சோழமண்டலம் பிறந்ததே ஒரு வயிற்றுப்பாட்டுக் கேள்வியால்தான். பணிக்கர் 1957 முதல் பத்தாண்டுகள் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். நன்றாக வரையத் தெரிந்த பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலைக்குப் போய்த் தூரிகையைக் கீழே வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ட வழி எளிமையானது. பாத்திக் துணி, உலோக வேலை, தோல் வேலை என்று கைவினைப் பொருள்களைச் செய்து விற்பது. அந்தக் காசு சோறு போடும். ஓவியம் யாருக்காகவும் வளைந்துகொடுக்க வேண்டியதில்லை. அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் அவரும் மாணவர்களும் கடலோரத்தில் மனை வாங்கினார்கள், வீடு கட்டிக் குடியேறினார்கள். திறந்தவெளி அரங்கு அமைத்து அதற்குப் பாரதி பெயரை வைத்தார்கள். 2009-ல் மெட்ராஸ் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகத்தோடு தற்காலக் கலை மையமும் அங்கே திறக்கப்பட்டது.

இன்று மக்களிடம் கலையைக் கொண்டுசெல்வது பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் துணி விற்பனையைப் பெரிதாக நினைப்பதில்லை. என்னைக் கேட்டால், சோழமண்டலம் செய்த மிகப் பெரிய மக்கள் தொடர்பே அதுதான். காட்சிக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்திராத குடும்பங்களின் வீட்டுக்குள் ஒரு நவீன ஓவியனின் கோடு பாத்திக் துணியாகப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் அதைக் கலை என்று நினைத்தாரா என்பது முக்கியமே இல்லை, தினமும் பார்த்தார்.

திருவனந்தபுரம் வளாகத்தின் பலம் வேறு வகை. 1880-ல் கட்டி முடித்த நேப்பியர் மியூசியம், அதைவிடப் பழைய மிருகக்காட்சிசாலை, 1935-ல் திறந்த ஸ்ரீசித்திரா ஓவியக்கூடம், 2023-ல் வந்த ரவிவர்மா கூடம் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. பத்மநாபசுவாமி கோயில் இருக்கும் கிழக்கேகோட்டையில் சிட்டி பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் வாசலில் இறங்கிவிடலாம். நாகர்கோவிலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிற தமிழ்க் குடும்பங்கள் காலையில் கோயில், பிறகு சாலை பஜார், பிற்பகல் மிருகக்காட்சி என்று திட்டம் போடுவது வழக்கம். ஈஞ்சம்பாக்கத்துக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. மாமல்லபுரம் போகும் கார்கள் அதைக் கடந்து ஓடிவிடுகின்றன. கலை தெரிந்தவர்கள் தேடி வந்து இறங்குகிறார்கள்.

ஆனால் வளாகத்துக்குள் வந்த கூட்டம் பணிக்கருக்கு முன்னால் வந்ததும் என்ன செய்கிறது? ரவிவர்மாவின் முன்னால் நிற்கும் அம்மா, “இது அன்னத்தோடு பேசுகிற தமயந்தி” என்று பிள்ளைக்குச் சொல்ல முடியும். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை 1963-ல் தொடங்கியது. அதில் கித்தான் முழுக்க எழுத்துகள். மலையாள எழுத்தைப்போல் சுழித்து வருகின்றன. வாசிக்கப் போனால் ஒரு சொல்லும் பிடிபடாது. ஓரத்தில் ராசிக் கட்டம், அதற்குள் எண்கள், பக்கத்தில் மீனோ பறவையோ என்று தோன்றும் ஒரு உரு, கணக்கு நோட்டில் வருவதுபோல் கோடுகள். பார்க்கிறவர் முதலில் குனிந்து படிக்க முயல்கிறார். படிக்க முடியாது என்று தெரிந்ததும் தமக்குத்தான் படிப்பு போதவில்லை என்று எண்ணி நகர்ந்துவிடுகிறார். இந்த இடத்தில்தான் எனக்கு மனம் வலிக்கிறது. ஜாதகக் கட்டத்தைப் பார்த்துப் பழகாத வீடு நம்மிடையே குறைவு. இந்த ஓவியத்துக்குள் நுழைய வேண்டிய சாவி பார்க்கிறவர் கையிலேயே இருக்கிறது. அதைச் சொல்ல அருகில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சோழமண்டலத்தில் அந்த ஆள் கிடைக்க வாய்ப்பு உண்டு. அங்கே வீட்டுக்கும் பட்டறைக்கும் இடையே சுவர் குறைவு. மரத்தடியில் சிற்பங்கள் நிற்கின்றன. ஓவியர்களின் குடும்பங்கள் பக்கத்திலேயே வாழ்கின்றன. கேட்டால் பதில் சொல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். கூட்டம்தான் இல்லை. திருவனந்தபுரத்தில் கூட்டம் இருக்கிறது, பேச்சு இல்லை.

பேச்சு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குக் கிழக்கேகோட்டையே சாட்சி. பங்குனியில் பத்மநாபசுவாமி கோயில் உற்சவத்தின்போது கிழக்கு நடையில் பஞ்சபாண்டவர் உருவங்களை நிறுத்துவார்கள். ஃபைபரில் செய்த பெரிய உருவங்கள். மழைக்கடவுளான இந்திரனை மகிழ்விக்கத்தான் இவை என்று ஊரில் சொல்வார்கள். டிக்கெட் இல்லை, விளக்கப் பலகை இல்லை. தாத்தா பேரனைத் தூக்கிக் காட்டி “இவன்தான் பீமன்” என்கிறார்; பேரன் பயந்துகொண்டே மறுபடியும் பார்க்கிறான். அது வழிபாட்டு மரபு, பணிக்கரின் கித்தான் வேறு உலகம் என்பது உண்மைதான். ஆனாலும் பார்க்கும் பழக்கம் வளர்வது இப்படித்தான்: தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும்.

இரண்டையும் எடை போட்டால், கலைஞனுக்குச் சோழமண்டலமே சிறந்த வீடு. பார்வையாளனுக்குத் திருவனந்தபுரமே சிறந்ததாக முடியும், இன்னும் ஆகவில்லை. அதற்குப் புதுக் கட்டடமும் கோடிக்கணக்கான பணமும் தேவையில்லை. பாளையத்தில் நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்களை விடுமுறை நாள்களில் பணிக்கர் கூடத்தில் நிறுத்துங்கள். மலையாளத்திலும் தமிழிலும் பேசச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு வாரம், நல்ல அச்சுப் பிரதிகளைக் கிழக்கேகோட்டை காந்தி பார்க்கில் வையுங்கள். சாலை பஜாருக்கு வருகிற சுமைதூக்குபவரும் பூக்காரம்மாவும் நின்று பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். மியூசியம் துறை இதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.