அந்நியரும் விருந்தினரும்: நம் திருச்சபை வரலாற்றில் ஓர் ஆய்வு

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்நியரை உபசரித்தலைக் குறிக்க வழங்கும் சொல் ‘பிலோக்செனியா’ என்பது. அந்நியன்பால் அன்பு என்பதே அதன் நேர்ப்பொருள். ‘க்செனோஸ்’ என்னும் அதன் பகுதி, அந்நியன், விருந்தினன் ஆகிய இருவரையும் ஒருங்கே சுட்டும். தமிழிலும் இதற்கு இணையான ஒன்றுண்டு. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருளென இலக்கணிகள் கூறுவர். ஆகவே முன்பின் அறியாதவனே விருந்தினன். உறவினர்க்கு உணவிடுதலை விருந்தென்று நாம் வழங்குவது பிற்காலத்து வழக்கு. நம் வேதாகமத் தமிழில் மதிப்போடு வழங்கும் ‘பரதேசி’ என்னும் சொல் தெருவில் வசைச்சொல்லாகிவிட்டதையும் இங்கு எண்ணிப்பார்க்கலாம். சொற்கள் இவ்வாறு இழிவது அவற்றைப் பேசும் மக்களின் மனநிலையையும் ஓரளவு காட்டும்.

தமிழ்நாட்டுத் திருச்சபை அந்நியர்க்கு இரங்கியதில்லை என்று எவரும் கூறவியலாது. மருத்துவமனைகளும் அநாதைச் சாலைகளும் குருடர் பள்ளிகளும் அதற்குச் சான்று. நாம் ஆராய வேண்டுவது வேறு: அவ்விரக்கம் எத்தன்மையது? கொடுப்பவனும் பெறுபவனும் ஒரே பந்தியில் அமர்ந்தனரா?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் இக்கேள்வியை முதன்முதலிற் கூர்மையாக எழுப்பியது எனலாம். நிவாரண வேலை செய்தவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே போதுமென சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். அந்நாட்களில் அருட்பணியாளர்கள் திரட்டி அளித்த உதவி உயிர்களைக் காத்தது. ஆனால் பஞ்சத்தையடுத்துத் திருநெல்வேலியிலும் தெலுங்கு நாட்டிலும் பெருந்திரளானோர் சபையிற் சேர்ந்தபோது, இவர்கள் சோற்றுக்காக வந்தவர்களன்றோ என்னும் ஏளனம் எழுந்தது. அவ்வேளனம் இன்றும் ஓயவில்லை.

அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஓங்கோலில் அமெரிக்க பாப்திஸ்து அருட்பணியாளர் ஜான் கிளவ் செய்ததை இவ்விடத்திற் குறிப்பிடல் தகும். பக்கிங்காம் கால்வாயின் ஏறத்தாழ மூன்றரை மைல் பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை அவரே ஏற்று, பட்டினியால் வாடினோர்க்கு வேலையும் கூலியும் அளித்தார். வந்தவர்களிற் பலர் ஞானஸ்நானம் கேட்டனர். நிவாரணம் நடந்த காலமெல்லாம் அவர் அதனை மறுத்தார். பணம் தீர்ந்துவிட்டது, இனித் தர ஒன்றுமில்லை என்று அறிவித்த பின்னரும் மக்கள் கலையாதிருந்தனர். அதன்பின்னரே, 1878 ஜூலை 3ஆம் நாளில், 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். திருச்சபை வரலாற்று நூல்கள் இவ்வெண்ணைப் பெருமையோடு கூறும். அதற்கு முந்திய மாதங்களின் மறுப்பே பெரிதென்பது என் கருத்து. உணவு பெறுபவன் ‘இல்லை’ என்று சொல்லக்கூடியவனாக இருக்கும்போதே உணவு அன்பின் கிரியையாகிறது. அல்லாவிடில் அது கொடுக்கல் வாங்கலே.

ஆயினும் கிளவும் மேலிருந்து கொடுத்தவரே. உபசரிப்பவன் உயரத்திலும் உபசரிக்கப்படுபவன் தாழ்விலும் நிற்கும் அமைப்பு மாறவில்லை. 1910ஆம் ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக அருட்பணி மாநாட்டில் நம் வேதநாயகம் சாமுவேல் அசரியா இதனையே எடுத்துரைத்தார். மேனாட்டுத் திருச்சபைகளின் தியாகங்களுக்கு நன்றி கூறிய அவர், இனி வேண்டுவது நண்பர்களே என்று முறையிட்டார். அவையோர் பலர்க்கு அது கசந்தது.

அம்முறையீட்டுக்குத் தமிழ் மண்ணில் கிடைத்த சிறந்த விடைகளுள் ஒன்று, 1921இல் வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் தோன்றிய கிறிஸ்துகுல ஆசிரமம். அதனை நிறுவியோர் இருவரும் மருத்துவர். ஒருவர் தமிழரான சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தில் செல்வக் குடியிற் பிறந்த எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். முன்னவரைப் பெரியண்ணன் என்றும் பின்னவரைச் சின்னண்ணன் என்றும் யாவரும் அழைத்தனர். இவ்வழைப்பை வெறும் செல்லப்பெயராகக் கொள்ளலாகாது. வெள்ளையர் தலைவராகவும் இந்தியர் உதவியாளராகவும் இருந்த காலத்தில், பிரிட்டிஷ் குடிமகன் ஒருவர் தமிழர்க்குத் ‘தம்பி’யாயினார்! ‘துரை’ என்று அழைக்கப்பட வேண்டியவர் உறவுமுறைக்குள் வந்துவிட்டார். அந்நியன் குடும்பத்தானாவதற்கு நம் நாட்டில் இதைவிட நேரான வழி ஏது?

அவர்கள் மணம் செய்யாது வாழ்ந்தனர்; கதர் உடுத்தனர்; மரக்கறி உணவையே உண்டனர். எச்சமயத்தார் வரினும் உறுத்தலின்றி உடன் உண்ணலாம். விருந்தினனுக்காக வீட்டாரே தம் உணவை மாற்றிக்கொள்ளுதல், மிஞ்சியதை அவனுக்கு ஈதலினும் அரியது. மருத்துவமனை சுற்றுக் கிராமத்தாருக்குப் பணியாற்றியது. கோபுரத்தோடு கோயிற்சிற்ப முறையில் எழுந்த ஜெபாலயம், வெளியிலிருந்து வருபவன் கூசாது நுழையத்தக்கதாய் இருந்தது. 1932இல் சென்னைத் தெருவொன்றில் கதராடையுடன் நின்ற பேட்டனை, அந்நியத் துணிக்கடை மறியலில் ஈடுபட்டவராகக் கருதிக் காவலர் தடியால் அடித்தனர். பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலும் அதுபற்றிக் கேள்வி எழுந்தது. அந்நியரை ஏற்றவர் தம் சொந்த அரசுக்கே அந்நியராகத் தோன்றினார். ஆசிரமத்திற்குக் குறைகளும் உண்டு. இல்லறத்தார் பெரும்பாலாரான சபைகள் அவ்வாழ்வை அப்படியே பின்பற்றல் இயலாது. ஆனால் உபசரித்தல் என்பது பொருளை மட்டுமன்றித் தன் இடத்தையும் விட்டுக்கொடுத்தல் என்பதை அவ்விருவரும் வாழ்ந்து காட்டினர்.

திருப்பத்தூரை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்தே செல்கிறது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட, தென்னிந்தியாவின் முதற்பாதை அது. பூந்தமல்லி வழியாகச் செல்லும் பெருஞ்சாலையும் பழைமையானதே. இப்பகுதி எக்காலத்தும் வழிப்போக்கரின் பகுதி. 1951இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிற்று. 1964இல் தொழிற்பேட்டை எழுந்தது. 1965இல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் ஒரு வீட்டுத் திண்ணையிலோ வாடகை அறையிலோ கூடி ஜெபித்ததிலிருந்தே இங்குள்ள சபைகள் பல வளர்ந்தன. இன்று சொந்த வீடும் கற்கோயிலும் உடைய நாம் அந்நியராக வந்தவர்களின் மக்கள்.

இப்போது அதே தொழிற்கூடங்களுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர் வருகின்றனர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கூலியின்றி, ஊர் திரும்ப வழியுமின்றி, மே மாதத்தில் சிறப்பு இரயில்கள் விடப்படும் வரை அவர்கள் பட்ட பாட்டை நாம் கண்டோம். அரிசிப்பை கொடுத்த சபைகள் உண்டு, அது நன்றே. ஆனால் ஆலயத்திற்கு அடுத்த தெருவில் ஓர் அறைக்குள் பலராய்த் தங்கியிருக்கும் அவர்களில் ஒருவருடைய பெயரேனும் நம் சபையாருக்குத் தெரியுமா? ‘வடக்கத்தியான்’ என்னும் ஒரே சொல்லால் யாவரையும் சுட்டிவிடுகிறோம். அவர்களிற் பெரும்பாலோர் நம் சபையில் ஒருநாளும் அங்கத்தினராகப் போவதில்லை. கிளவின் சோதனை இங்கே நமக்குப் பொருந்தும்.

இறையியல் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். சபைப் பதிவேடுகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் யாவும் வரிசையாய் உள்ளன. ஊர்விட்டு வந்த முதற்குடும்பத்திற்கு முதலில் வாடகைக்கு இடம் கொடுத்தவர் யார், முதல் மாதச் சம்பளம் வரும்வரை கடனுக்கு அரிசி அளந்த மளிகைக்காரர் யார் என்பவை எதிலும் இல்லை. அவ்வாறு உதவியோரிற் பலர் கிறிஸ்தவரல்லாதார் என்று மூத்தோர் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். சமாரியனின் உவமையில் நம் முன்னோர் சமாரியனாக அன்றிக் காயப்பட்டவனாகவே இருந்திருக்கின்றனர் போலும். அம்முதல் தலைமுறையாரிற் சிலர் எண்பதைக் கடந்து இன்னும் நம்மிடையே உள்ளனர். வரும் விடுமுறையில் அவர்களிடம் சென்று கேட்டு, பெயரோடும் ஆண்டோடும் எழுதிவைத்தல் வேண்டும்.