பாம்படுத்தி

சித்திரை பௌர்ணமி நெருங்கினால் விருத்தாசலம் பஸ் நிலையத்தில் உளுந்தூர்பேட்டை வண்டிகளில் இடம் கிடைக்காது. கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்குப் போகும் திருநங்கைகள் கூட்டம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் ஆபீசுக்குப் போய்வந்த நான் வருஷாவருஷம் பார்த்தது. ஒருமுறை இளையவர் ஒருவர் வயதானவர் முன் குனிந்து "பாம்படுத்தி அம்மா" என்றார். பெரியவர் "ஜீத்தே ரஹோ" என்று வாழ்த்தினார். அப்போது எனக்கு விளங்கவில்லை. 'காலில் விழுகிறேன்' என்ற இந்தியின் தேய்வுதான் பாம்படுத்தி என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவர்களுக்குள் புழங்கும் சொற்கள் இன்னும் உண்டு. சாட்லா என்றால் சேலை. கடை கேட்பது என்றால் கடைகடையாகக் காசு வாங்குவது. நிர்வாணம் என்றால் அறுவை சிகிச்சை. அதைச் செய்துகொள்வது அவர்களுக்கு மறுபிறப்பு. போலீசும் போக்கிரிகளும் சூழ்ந்த பிழைப்பில், அயலாருக்குப் புரியாத பேச்சு ஒரு வேலி.

வேலிப் பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. சின்ன வயதில் நாம் 'க' பாஷை பேசவில்லையா? புதுச்சேரியில் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தபோது, சொல்லுக்கு நடுவே 'அவ்' செருகிப் பேசும் 'ஜாவனே' என்ற விளையாட்டைக் கேட்டேன். கேன்ஸ்பூர் 1963ல் அதை வைத்தே 'லா ஜாவனேஸ்' என்று பாட்டுக் கட்டினார். பிலிப்பைன்ஸில் இன்னும் ஒரு படி மேல். ஆணை விரும்பும் ஆண்களின் குழூஉக்குறியில் 'பொங்கா' என்றால் அட்டகாசம். 1970களின் கடைசியில் ஹாட்டாக் என்ற இசைக்குழு அந்தச் சொல்லை வைத்தே ஒரு பாட்டுப் பாடியது. இன்று அங்கே பாட்டிமாரும் அதைச் சொல்கிறார்கள்.

நம் பாட்டுகளில் நடந்தது நேர்மாறு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் ஒன்று 'பேடு'. அந்த மரபில் வந்த நம் சினிமா எடுத்துக்கொண்டது அவர்களுடைய சொல்லை அல்ல, அவர்களை வைத்து நாம் செய்த கேலியை. 'ஒன்பது', 'அலி' எல்லாம் காமெடியில் வந்து பள்ளிப் பிள்ளைகள் வாய்க்குப் போயின. அவர்களுடைய பேச்சு அச்சுக்கு வந்தது லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' போன்ற புத்தகங்களில்தான்.

பாட்டு அவர்களிடம் இல்லாமல் இல்லை. கூவாகத்தில் தாலி கட்டிய இரவு கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்திச் சுற்றிவந்து விடிய விடியக் கும்மி. மறுநாள் அரவான் களப்பலி. தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலையில் ஒப்பாரி. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் ஒருமுறைகூடப் போய்க் கேட்கவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தொண்ணூறுகளில் ஒரு திருநங்கை பெயர் திருத்தத்துக்கு மனுவோடு என் மேசைக்கு வந்தார். பக்கத்து மேசைக்காரரிடம் நான் அந்த எண்ணைச் சொல்லிச் சிரித்தேன். காதில் விழுந்துவிட்டது. மனுவை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். திரும்ப வரவே இல்லை. அரசு அரவாணிகள் நல வாரியம் அமைத்தது 2008 ஏப்ரலில். நான் ஓய்வு பெற்றதும் அதே வருஷம்தான்.

போன சித்திரையில் பஸ் நிலைய டீக்கடையில் ஒரு திருநங்கை என்னிடம் காசு கேட்டார். கொடுத்துவிட்டு, துணிந்து "பாம்படுத்தி அம்மா" என்றேன். ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாரு தாத்தா உனக்குச் சொல்லிக் குடுத்தது? பெரியவன் நீ, நான்ல உனக்குச் சொல்லணும்!"