ஃபியட் 500 டீசல்: பாட்டன் முகமும் டாக்ஸி இன்ஜினும்

 இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு போன் கால். கோயம்புத்தூரிலிருந்து தம்பி மாதிரி பழகுகிற ஒருத்தர் போன மாதம் கூப்பிட்டார். "அண்ணா, ஒரு வண்டி பாத்து வெச்சிருக்கேன். ஃபியட் 500. 2009 மாடல், டீசல். பொம்மை மாதிரி இருக்குது. வாங்கலாங்களா?" என்றார்.

"டீசலா? நல்லா பாத்தியாப்பா?" என்று இரண்டு தடவை கேட்டேன். ஏன்னா அந்த முகத்தையும் டீசல் இன்ஜினையும் சேர்த்து யோசிக்கிறதே கொஞ்சம் விசித்திரம். அந்தக் கார் இத்தாலிக்காரர்களின் பழைய நினைவு. டீசல் என்றால் நமக்கு டாக்ஸி, டெம்போ, டிராக்டர். இரண்டும் ஒரே பானெட்டுக்கு அடியில் எப்படி வந்து சேர்ந்தது? உடனே பதில் சொல்லாமல், "ஒரு வாரம் டைம் கொடு"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்து படிச்சேன். அந்தக் கதைதான் இன்னைக்கு.

1957 ஜூலை 4. இத்தாலியின் டூரின் நகரத்தில் ஃபியட் கம்பெனி 'நுவோவா 500' என்ற காரை வெளியிடுகிறது. நுவோவா என்றால் புதிய. 500 ஐ இத்தாலிய மொழியில் சின்குவெசெண்டோ என்பார்கள், காருக்கே அது பேராகிவிட்டது. வடிவமைத்தவர் டான்டே ஜியாகோசா. போர் முடிந்து பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. குடும்பத்தோடு வெஸ்பா ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த இத்தாலியை நாலு சக்கரத்துக்கு ஏற்றணும் என்பதுதான் கணக்கு.

அந்தக் காரின் நீளம் மூணு மீட்டர்கூட இல்லை. இன்ஜின் பின்பக்கம், இரண்டு சிலிண்டர், 479 சிசி, காற்றாலேயே குளிர்கிற வகை, 13 குதிரைத்திறன். புல்லட் 350 ஐ விடக் கொஞ்சம் பெரிய இன்ஜின், அவ்வளவுதான். முதலில் வந்த வண்டியில் பின்னால் ஒழுங்கான சீட்கூடக் கிடையாது. கூரையில் சுருட்டி வைக்கிற துணி. கதவுகள் பின்பக்கக் கீலில் திறக்கும். அழகுக்காக எதையும் செய்யவில்லை. அந்த உருண்டை வடிவம்கூட, குறைந்த தகட்டில் அதிக இடம் எடுக்கிற வழி. 1975 வரை ஏறக்குறைய 39 லட்சம் வண்டிகள் ஓடின. நம்ம ஊரில் அம்பாசிடரும் பத்மினியும் எப்படியோ, இத்தாலியில் இது அப்படி.

இதை மனசில் வெச்சுக்கங்க. இன்று நாம் ரசிக்கிற அந்த முகம் ஏழ்மையிலிருந்து வந்த முகம்.

இனி நாற்பது வருஷம் தாண்டுவோம். 1990களின் கடைசியில் கார் கம்பெனிகளுக்கு ஒரு விஷயம் புரிந்தது: பழைய நினைவுக்கும் விலை உண்டு. 1998 இல் ஃபோக்ஸ்வாகன் நியூ பீட்டில், 2000 இல் கிரைஸ்லர் பிடி குரூசர், 2001 இல் பிஎம்டபிள்யூ கைக்குப் போன மினி. எல்லாமே வெளியே தாத்தா காலத்து உருவம், உள்ளே அன்றைய நவீன கார். இதைத்தான் ரெட்ரோ என்கிறோம். இந்த மூணுக்குமே ஐரோப்பாவில் டீசல் வடிவம் இருந்தது. மினியின் முதல் டீசலில் இருந்தது டொயோட்டாவின் 1.4 லிட்டர் இன்ஜின். பிரிட்டிஷ் முகம், ஜெர்மன் முதலாளி, ஜப்பான் இன்ஜின்! ஐரோப்பாவில் அப்போது டீசலுக்கு வரி குறைவு, கரியமில வாயு குறைவு என்ற பேரும் இருந்தது. அதனால் டீசல் இல்லாமல் ஒரு காரை அங்கே விற்பது கஷ்டம்.

டீசலில் ஃபியட்டின் கதையே தனி. பழைய டீசல் இன்ஜினில் எரிபொருளை அழுத்தும் பம்பு இன்ஜின் வேகத்தோடு கட்டிப்போடப்பட்டது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அழுத்தமும் குறைவு. அதனால்தான் அந்த 'கட கட' சத்தமும் கரும்புகையும். இதை மாற்றியது காமன் ரெயில் முறை. எளிமையா சொல்றேன். ஒவ்வொரு வீட்டிலும் ஆள் அடிபம்பை அடிச்சாத்தான் தண்ணி என்பது பழைய முறை. ஊருக்கெல்லாம் ஒரே மேல்நிலைத் தொட்டி, எப்போதும் அழுத்தத்தோடு நிரம்பியிருக்கும், யாருக்கு எப்போ வேணுமோ குழாயைத் திறந்துக்கலாம் என்பது காமன் ரெயில். அந்தக் குழாயைத் திறந்து மூடுகிறது ஒரு கம்ப்யூட்டர். நம்ம கார் டயரில் இருக்கிற அழுத்தம் சுமார் 2 பார். இந்த ரெயிலில் 1,300 பாருக்கும் மேல்.

இதைக் காருக்கு ஏற்றபடி உருவாக்கியதில் பெரும்பங்கு ஃபியட்டின் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு. ஆனால் தொழிற்சாலை அளவில் கொண்டுவரும் உரிமையை 1994 இல் ஜெர்மனியின் போஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டது. 1997 இல் ஆல்ஃபா ரோமியோ 156 இல் முதன்முதலாக இது காரில் வந்தது. பிறகு உலகத்தில் டீசல் கார்கள் பெரும்பாலும் இந்த முறைக்கு மாறின. அதில் பெரிய லாபம் பார்த்தது போஷ். பிள்ளை பெற்றவர் ஒருத்தர், பேர் வாங்கினவர் இன்னொருத்தர்.

2003 இல் ஃபியட் அடுத்த அடி எடுத்து வைத்தது: 1.3 மல்டிஜெட். 1,248 சிசி, நாலு சிலிண்டர், 16 வால்வு, சுமார் 130 கிலோ எடை. ஒரே எரிதலுக்கு எரிபொருளை ஒரே அடியாகக் கொட்டாமல் சின்னச் சின்னத் தவணையாகத் தெளிக்கும். முதல் தூறல் மெதுவாகப் பற்றிக்கொள்ளும், அதன் மேல் பெரிய தெளிப்பு விழும். அதனால் தட்டுகிற சத்தம் குறையும். இன்ஜின் தயாரானது போலந்தின் பியெல்ஸ்கோ-பியாவா நகரத்தில், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து.

அந்தக் கூட்டே பெரிய நாடகம். 2000 இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஃபியட் கார் பிரிவில் 20 சதவீதம் வாங்கியது. மீதியையும் பிற்பாடு அதன் தலையில் கட்டும் உரிமை ஃபியட்டுக்கு இருந்தது. சில வருஷத்தில் ஃபியட் கடனில் மூழ்கியது. 2004 இல் தலைமைக்கு வந்த செர்ஜியோ மார்கியோனே அந்த உரிமையைக் காட்டிப் பேரம் பேசினார். "இந்தக் கம்பெனி எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி விலகுவதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் 2005 இல் சுமார் 200 கோடி டாலர் கொடுத்தது. வாங்காமல் இருப்பதற்குக் காசு! அந்தப் பணம் ஃபியட்டுக்கு உயிர்த்தண்ணி.

உயிர் வந்தாச்சு, முகம் வேணுமே? ஜெனீவா கண்காட்சியில் 2004 இல் காட்டிய 'டிரெபியூனோ' என்ற மாதிரிக் கார் கையில் இருந்தது. ரொபெர்த்தோ ஜியோலித்தோவின் வடிவம், பழைய 500 இன் சாயல். அதை முழு காராக்கி, சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 2007 ஜூலை 4 அன்று டூரினில் வெளியிட்டார்கள். 2008 க்கான ஐரோப்பிய 'கார் ஆஃப் தி இயர்' பட்டமும் கிடைத்தது.

ஆனா உள்ளே? அடித்தளம் ஃபியட் பாண்டாவினுடையது. இன்ஜின் முன்பக்கம். தயாரிப்பு போலந்தின் டிஹி நகரத்தில். இரண்டு பெட்ரோல் இன்ஜின்களோடு 75 குதிரைத்திறன் கொண்ட நம்ம 1.3 மல்டிஜெட்டும் உண்டு. இதில் ஒரு பொருத்தம் பாருங்க. பழைய 500 க்கு வாரிசாக வந்தது ஃபியட் 126. போலந்தில் அது 2000 வரை ஓடியது, அதைச் செய்ததும் இதே பியெல்ஸ்கோ-பியாவாவும் டிஹியும்தான். இத்தாலியின் நினைவுச்சின்னம் போலந்தில் பிறந்ததை யாராவது குறை சொன்னால், அந்தத் தொழிலாளிகளுக்கும் இந்தப் பரம்பரையில் பங்கு உண்டு என்பதே என் பதில்.

இப்போ இந்தியா. ஃபியட் நமக்குப் புதுசில்லை. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த ஃபியட் 1100 தான் பிறகு பத்மினி ஆனது. அந்தப் பேர் மங்கிப்போன காலத்தில், 1.3 டீசல் இன்ஜின் வேறு பேரில் உள்ளே நுழைந்தது. 2007 ஜனவரியில் மாருதி ஸ்விஃப்ட் டீசலாக வந்தது. ஃபியட் உரிமத்தில் மானேசரில் செய்த அதே இன்ஜின், பேர் மட்டும் டிடிஐஎஸ். பிறகு டிசையர், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்ட்டோ, லீனியா. ஷெவர்லே பீட் டீசலில் வந்த 936 சிசி இன்ஜின்கூட இதிலிருந்து ஒரு சிலிண்டரைக் கழித்துப் பிறந்தது. சென்னையில் கால் டாக்ஸி ஏறியவர்களில் பெரும்பாலானோர் ஒரு தடவையாவது இந்த இன்ஜினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்று கார் பத்திரிகைகள் கிண்டலாகச் சொன்னது சும்மா இல்லை.

2008 இல் ஃபியட் 500 இந்தியாவுக்கு வந்தது, முழுசா இறக்குமதியாக, இதே டீசல் இன்ஜினோடு. விலை சுமார் 15 லட்சம் ரூபாய். அன்றைக்கு முழுக்காராக இறக்குமதி செய்தால் வரிகள் சேர்ந்து விலையை இரட்டிப்பாக்கும். அதே இன்ஜின், நாலு கதவு, பெரிய பின் சீட்டோடு ஸ்விஃப்ட்டில் சுமார் 5 லட்சத்துக்குக் கிடைத்தது.

ஏன் விற்கவில்லை என்பதற்கு விலையை மட்டும் காரணம் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் காரணம். அன்றைக்கு அரசாங்கம் டீசல் விலையை அமுக்கி வைத்திருந்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்குச் சுமார் 15 ரூபாய் வித்தியாசம், 2012 வாக்கில் 25 ரூபாய்க்கும் மேல். அதனால் நம்ம ஊரில் டீசல் கார் என்பது கிலோமீட்டருக்கு எத்தனை காசு என்று எண்ணுகிறவரின் கார். இரண்டு கதவுள்ள சின்னக் காருக்கு 15 லட்சம் கொடுக்கிறவர் காசை எண்ணுவதில்லை. எண்ணுகிறவர் இதை வாங்குவதில்லை. ஆக, முகம் ஒருத்தருக்கு, இன்ஜின் வேறொருத்தருக்கு. இரண்டு பேரும் ஷோரூமில் சந்திக்கவே இல்லை. சில வருஷத்தில் விற்பனை நின்றது. 2015 இல் அதே முகம் அபார்த் 595 ஆகத் திரும்பி வந்தபோது உள்ளே இருந்தது பெட்ரோல் டர்போ.

அதற்குள் டீசலின் காற்றும் மாறிவிட்டது. 2014 அக்டோபரில் இந்தியா டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது. 2015 இல் டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அதே வருஷம் செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் புகைச் சோதனை மோசடி வெளியே வந்தது. 2018 ஜூனில் மார்கியோனே ஐரோப்பாவில் பயணிகள் காருக்கு டீசலைக் கைவிடும் திட்டத்தை அறிவித்தார், அடுத்த மாதமே இறந்துபோனார். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தது, மாருதி டீசலையே நிறுத்தியது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஃபியட் புதிய 500 ஐக் காட்டியிருந்தது. அது மின்சாரக் கார். முகம் மட்டும் அதே 1957.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? மூணு விஷயம்.

ஒண்ணு, இன்ஜின். அந்தக் குடும்பத்து இன்ஜினைத் தெரியாத மெக்கானிக் நம்ம ஊரில் கிடையாது. ஆனால் 500 இல் இருப்பது அதே டியூனிங் இல்லை. இழுவிசை 145 நியூட்டன் மீட்டர், ஸ்விஃப்ட்டில் 190. அதனால் எல்லாப் பாகமும் மாற்றிப் போடலாம் என்று நம்பாதே, பாகத்தின் எண்ணைப் பார்த்து வாங்கு. ஆயில் மாற்றிய பில் இருக்கான்னு கேள். இதில் இருப்பது டைமிங் செயின், ஆயிலை இழுத்தடித்து ஓட்டியிருந்தால் செயின் நீண்டுபோகும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, செயின் கரகரப்பு கேட்குதான்னு காதைக் கொடு.

இரண்டு, உடம்பு. கண்ணாடி, விளக்கு, பம்பர், கதவுக் கைப்பிடி எதுவும் இங்கே இல்லை. ஒரு சின்ன இடி, ஒரு ஹெட்லைட் போனால் வெளிநாட்டிலிருந்து வரும்வரை வண்டி ஷெட்டில்தான்.

மூணு, காகிதம். 2009 வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது. 2022 ஏப்ரலில் வந்த கட்டணப்படி சாதாரணக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000. அதற்கு மேல் எஃப்.சி., பசுமை வரி. ஆர்.சி. புதுப்பித்தாச்சா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே.

"அப்ப வேண்டாங்களாண்ணா?" என்றார்.

வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. பழைய 500 இத்தாலியில் இன்றைக்கும் ஓடுது, ஏன்னா அதைச் செய்தவர்கள் யார் வேண்டுமானாலும் பழுதுபார்க்கிற மாதிரி செய்தார்கள். இந்த 500 பழமையின் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆனால் அறியாமலே நம்ம ஊரில் ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் தெரிந்த இன்ஜினோடு வந்து இறங்கியது. இந்தியாவில் இந்தக் காரைக் காப்பாற்றப்போவது அந்த அழகு முகம் இல்லை, டாக்ஸிக்காரர்கள் தேய்த்துத் தேய்த்துப் பழக்கிய அந்த இன்ஜின்தான். அதன் சட்ட ஆயுள் எவ்வளவு என்பது மட்டும் நம்ம கையில் இல்லை.

"தினமும் ஆபீஸ் போக ஒரே வண்டி இதுதான்னா வேண்டாம். வீட்டில் இன்னொரு வண்டி இருக்கு, காகிதம் சுத்தம், ஆயில் பில் இருக்குன்னா, போய்ப் பார்த்துட்டு வா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறாராம், இன்ஜின் சூடாகிறதுக்கு முன்னாடி.