ஆட்டுத் தீனியின் வரலாறு: மைசூரும் கொங்கும்

'ஆடுமாடு' என இணைத்துக் கூறுவது நம் வழக்கு. ஆயின் அரசுகள் இவ்விரண்டையும் ஒரே நிலையில் வைத்துப் பேணியதில்லை. மைசூரை ஆண்ட சிக்கதேவராயர் (1673–1704) காலத்தில், 'வெண்ணெய்ச் சாவடி' என்று பொருள்படும் பெயரில் அரசு மாட்டுப் பண்ணை ஒன்று இருந்தது. ஐதர் அலி அம்மாடுகளைப் படைத்தளவாடங்கள் இழுக்கப் பயன்படுத்தினார். திப்பு சுல்தான் அப்பண்ணைக்கு 'அமிர்த மகால்' எனப் பெயரிட்டார். மழை, குளிர், கோடை என்னும் காலங்களுக்கேற்ப, அம்மாடுகள் மேய்வதற்கென்றே 'காவல்' எனப்படும் புல்வெளிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. படைக்கு உதவிய மாட்டிற்கு அரசே மேய்ச்சல் நிலம் வகுத்தது. ஏழையின் ஆட்டிற்கோ அத்தகைய காவல் வாய்க்கவில்லை. பிறர் நிலத்தில், பிற தொழிலில் எஞ்சியதை உண்டே அது வளர்ந்தது. ஆகவே ஆட்டுத் தீனியின் வரலாறு என்பது எஞ்சியவற்றின் வரலாறே எனலாம். அதனைச் சிறிது ஆராய்வோம்.

தமிழர்க்கு ஆடு முல்லை நிலத்துச் செல்வம். சோழர் காலத்தில் அது கோயில் விளக்கின் முதலாகவும் ஆயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலில், ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்னும் கணக்கை முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளால் அறிகிறோம். கால்நடைகளை இடையர் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தனர். இவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு தனித்தனியே மூத்து மடியினும், குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாது நிற்க வேண்டும் என்பதே இதன் கருத்து. இத்தகைய ஏற்பாடு தலைமுறைகளைக் கடந்து நடக்கவேண்டுமாயின், மேய்ச்சல் ஏறக்குறையச் செலவின்றிக் கிட்டியிருத்தல் வேண்டும் என்று கருத இடமுண்டு. தரிசும் ஏரிக்கரையும் அறுவடை முடிந்த வயலும் மந்தைக்குத் திறந்திருந்தன. வயலில் கிடை கட்டிய இடையனுக்கு உழவன் கூலி தந்தான். வயலுக்கு எரு கிடைத்தது. ஒருவர்க்கு எஞ்சியது மற்றவர்க்கு முதலாயிற்று.

நாம் இன்று வாழும் இப்பகுதிக்கும் இவ்வரலாற்றிற்கும் தொடர்பு இல்லாமலில்லை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கங்கபாடியை வென்றபோது, காவிரிக்கரைத் தலைக்காடு 'இராசராசபுரம்' ஆயிற்று. போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் அதனை மீட்கும் வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அங்குச் சோழர் ஆட்சி நிலவியது. மைசூர்ப் பகுதியில் காணப்படும் தமிழ்க் கல்வெட்டுகள் அக்காலத்தை நமக்கு நினைவூட்டுகின்றன.

திறந்திருந்த நிலம் மூடப்பட்டது 19ஆம் நூற்றாண்டில். 1878ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுச் சட்டமும், 1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டமும் ஒதுக்குக் காடுகளை வகுத்து, மேய்ச்சலைக் கட்டுக்குள் கொணர்ந்தன. அவற்றால் மிகவும் பாதிக்கப்பட்டது வெள்ளாடு. மாடு நாவினால் புல்லை வளைத்து மேய்வது. வெள்ளாடோ தலைநிமிர்ந்து தழையையும் கொழுந்தையும் கடித்துண்பது. எனவே அது காட்டின் பகை எனப்பட்டது. அளவிறந்த மந்தை இளமரங்களை அழிக்கும் என்பது உண்மையே. ஆயினும் காட்டை மூடியவர்கள் மாற்றுத் தீனிக்கு வழிகாட்டினரா என்பதே வினா. அவ்வழியைச் சிற்றுழவர்கள் தாமே கண்டனர். அதற்குச் சான்றுகள் இரண்டு.

முதலாவது, கொங்கு நாட்டுக் கொறங்காடு. காங்கயம், தாராபுரம், கரூர் ஆகிய மழை குறைந்த பகுதிகளில், உழவர் தம் சொந்த நிலத்தையே மேய்ச்சல் நிலமாக்கிக் காத்தனர். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி; உள்ளே கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரங்கள். புல் காய்ந்த கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடுகளுக்குப் புரதம் தரும். நிலத்தைப் பகுதிகளாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய்த்தலால் புல் மீண்டும் தழைக்கும். புல்லும் மரமும் வேலியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அமைப்பு இது.

இரண்டாவது, மைசூர் நாட்டு முசுக்கொட்டை. பட்டுப்புழு வளர்ப்பை இந்நாட்டில் பெருக்கியவர் திப்பு சுல்தான். 1912இல் மைசூர் நகரில் அரசுப் பட்டு நெசவாலை தோன்றிற்று. 1961இல் மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் இங்கு அமைந்தது. பட்டிற்குப் பெயர்பெற்ற கொள்ளேகாலம் 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதை இளைய தலைமுறையினர் அறிதல் நன்று. புழு தன் வாழ்நாளில் உண்ணும் தழையில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் இறுதிப் பருவத்திலேயே உண்கிறது. ஆதலின் அக்காலத்தில் தண்டும் முற்றிய இலையும் மிகுதியாக எஞ்சும். அவற்றை ஆட்டிற்கு இடுவது இப்பகுதிச் சிற்றூர்களின் வழக்கம். முசுக்கொட்டைத் தழையின் உலர்பொருளில் 15 முதல் 25 விழுக்காடு வரை புரதம் உண்டு. வளரும் குட்டிக்கு வேண்டிய அளவினும் இது மிகுதி. ஆயின் மருந்துத்தூள் தூவிய படுக்கையின் எச்சத்தை ஆட்டிற்கு இடுதல் தகாது.

இவ்விரு சான்றுகளும் உணர்த்துவது ஒன்றே: மலிவான தீனி கடையில் இல்லை, நிலத்தின் ஓரத்தில் உள்ளது. கணக்கிட்டுப் பார்ப்போம். 25 கிலோ எடையுள்ள ஆட்டிற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர்பொருள் வேண்டும். அதனைப் பசுந்தழையாகவே தருவதாயின் நான்கு கிலோ அளவாகும். பாதியை அகத்தி, முசுக்கொட்டை, கல்யாண முருங்கை போன்ற தழைகளாலும், மீதியைக் கடலைக்கொடி, கொள்ளுப் பொட்டு, கேழ்வரகுத் தாள் ஆகியவற்றாலும் நிரப்பினால், விலைக்கு வாங்கும் பிண்ணாக்கு மிகவும் குறையும். தழையைத் தரையில் இடாது கட்டித் தொங்கவிடுதல் வேண்டும். மிதிபட்ட தீனியை வெள்ளாடு தீண்டாது.

எஞ்சியன யாவும் தீனி ஆகிவிடா என்பதும் அறியத்தக்கது. 1970களில் பெரிதும் பரப்பப்பட்ட சூபாபுல் என்னும் சவுண்டல், மைமோசின் என்னும் நச்சுப்பொருளை உடையது. அத்தழை மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாதிருத்தல் நலம். திருமண வீடுகளில் மீந்த சோற்றை இரக்கத்தால் ஆட்டின் முன் கொட்டுவோர் உளர். மிகுந்த சோறு இரைப்பையில் அமிலமாகி ஆட்டைக் கொன்றுவிடும். இரக்கத்திற்கும் அளவறிதல் தேவை.

இக்கட்டுரையை நம் சங்கக் குடும்பங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. பணியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் மைசூர் வந்தோம். ஊரில் நம்மில் பலர்க்கு ஓரிரு ஏக்கர் நிலம் எஞ்சியிருக்கிறது. அதனை வாரத்திற்கோ குத்தகைக்கோ விட்டிருக்கிறோம். ஆண்டிற்கொருமுறை சென்று, உயிர்வேலியை வெட்டிக் கல்லும் கம்பியும் நட்டு வருகிறோம். எல்லை நமக்குத் தெளிவாகிறது. ஆனால் அவ்வேலித் தழையை நம்பி நான்கு ஆடு வளர்த்தவர் அவற்றை விற்றுவிடுகிறார். அந்நான்கு ஆடுகளே அவர் வீட்டின் சேமிப்பு: மகளின் பள்ளிக் கட்டணம், மூத்தோரின் மருத்துவச் செலவு. 1882இல் காட்டை மூடியது அரசு. இன்று வேலியை வெட்டுவோர் நாமே.

எனவே அன்பர்கள் அடுத்த முறை ஊர் செல்லும்போது, கம்பி வாங்குவதற்கு முன், நிலத்தில் உழைப்பவரை ஒரு சொல் கேட்பாராக. கிளுவையும் வெள்வேலும் அகத்தியும் நிற்கும் வரப்பு நம் எல்லையைக் காக்கும். அவர் ஆட்டையும் காக்கும்.