காயிலோவர் சஸ்பென்ஷன்: பராமரிப்பும் பழுதறிதலும்

காயிலோவர் என்பது ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் அமைந்த சஸ்பென்ஷன் அலகு. உயரம் மாற்றக்கூடிய வகைகளில் ஷாக்கின் உடலில் மரை இருக்கும். ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையமும் அதை நகராமல் பிடிக்கும் பூட்டு வளையமும் அம்மரையில் திருகப்படும். சிலவற்றில் ஷாக்கின் அடியிலுள்ள கீழ்த்தாங்கியைத் திருகியும் உயரத்தை மாற்றலாம். அப்போது ஸ்பிரிங்கின் முன்னழுத்தம் மாறாது.

பராமரிப்பு: மரையில் படியும் மண்ணும், பனிநாடுகளில் சாலையில் தூவப்படும் உப்பும் அரிப்பை உண்டாக்கி வளையங்களை இறுகச் செய்யும். சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, நைலான் பிரஷ்ஷால் மரையைத் துலக்கிய பின்னரே வளையத்தைத் திருக வேண்டும். ஒரே அச்சின் இருபுறமும் உயரத்தைச் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளப்பர். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் (கேம்பர்) திசைக்கோணமும் (டோ) மாறுவதால் வீல் அலைன்மென்ட் அவசியம். ஷாக்கின் விறைப்பை மாற்றும் டேம்பிங் குமிழ் இருந்தால், அதை முழுதும் மூடிய நிலையிலிருந்து கிளிக்குகளாக எண்ணித் திறப்பது வழக்கம். முனையை எட்டியபின் முறுக்கினால் உள்ளிருக்கும் வால்வு சேதமாகும்.

பழுதறிதல்:
• மேடுபள்ளத்தில் ‘டக்’ ஒலி: தளர்ந்த மேல் நட்டு, பூட்டு வளையம் அல்லது தேய்ந்த மேல் மவுன்ட்.
• ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளும் ஒலி: முன்சக்கர மேல் மவுன்ட்டின் பேரிங் தேய்வு.
• ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிதல்: சீல் பழுது, ஷாக்கைப் புதுப்பிக்கவோ மாற்றவோ வேண்டும்.
• சிறு பள்ளத்திலும் கடும் அடி: அளவுமீறித் தாழ்த்தியதால் ஷாக்கின் அமுங்கலைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் மோதுதல்.