பெயர்ப்பலகையும் கொப்பியும்

எமது ஊர்களில் 'மொண்டிசோரி' என்பது ஓர் ஆளின் பெயர் என்று அறிந்தவர்கள் குறைவு. "புள்ளைய மொண்டிசோரியில சேர்த்தாச்சா?" என்று கேட்கிறோம். வாடகை வீடொன்றின் முன்னறையில் நான்கு சிறிய கதிரைகளைப் போட்டு, சுவரில் யானையும் முயலும் வரைந்துவிட்டால் அதுவும் மொண்டிசோரிதான். அந்தப் பெயருக்குரிய பெண்மணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதில். நாமோ பெயரை எடுத்துக்கொண்டோம், பயிற்சியை விட்டுவிட்டோம். இது எப்படி நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க விரும்புகிறேன்.

சிறு பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர்களுக்குத் தனியான பயிற்சி தேவை என்ற எண்ணம் அவ்வளவு பழையதல்ல. ஜேர்மனியில் ஃபிரடரிக் ஃப்ரோபல் 1837இல் சிறுவருக்கான தன் நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது சிறுவர் தோட்டம் என்று பெயர் வைத்தார். தோட்டம் என்றால் தோட்டக்காரர் வேண்டுமல்லவா? அதற்காக இளம் பெண்களைப் பயிற்றத் தொடங்கினார். 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டனைத் தடை செய்தது. சோஷலிசக் கருத்துடையவராகக் கருதப்பட்ட அவருடைய சகோதரர் மகன் கார்ல் ஃப்ரோபலின் எழுத்தோடு இவருடையதைக் குழப்பிக்கொண்டதே அதற்குக் காரணம். அடுத்த ஆண்டில் ஃப்ரோபல் காலமானார். தடை நீங்கியது 1860இல். அரசு மூடிய தோட்டத்தை வேறு நாடுகளுக்குக் கொண்டு போனவர்கள் அவரிடமும் அவரைச் சார்ந்தோரிடமும் பயின்ற பெண்களே. நிலையங்களை மூடலாம், பயின்றவர்களை மூட முடியாது போலும்.

மரியா மொண்டிசோரி ஒரு வைத்தியர். 1907 ஜனவரி 6ஆந் திகதி ரோம் நகரின் சன் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் 'சிறுவர் இல்லம்' திறந்தார். அங்கு முதலில் அமர்த்தப்பட்ட பெண் முறையான ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். இதை எடுத்துக்காட்டி, "பார்த்தீர்களா, பயிற்சி எதற்கு?" என்று வாதிடுவோர் எம்மிடையிலும் உண்டு. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1909இல், மொண்டிசோரி தன் முதலாவது ஆசிரியப் பயிற்சி நெறியை நடத்தினார். பழைய பள்ளிக்கூடப் பழக்கங்கள் ஏறாத ஆளைத்தான் அவர் விரும்பினாரேயன்றி, எதுவும் அறியாத ஆளை அல்ல.

எமக்கு நெருக்கமான பகுதி இனித்தான் வருகிறது. 1939 நவம்பரில், அறுபத்தொன்பது வயதில், மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார் மொண்டிசோரி. அழைத்தவர்கள் பிரம்மஞான சபையின் ஜோர்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். சில மாதப் பயிற்சி நெறியொன்றை நடத்திவிட்டுத் திரும்புவதே எண்ணம். ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தனர். அவருக்கு ஆங்கிலத்தில் விரிவுரை செய்ய வராது. இத்தாலிய மொழியில் பேசுவார், மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். மொழியே தடையாக இருந்தும் வகுப்பு நடந்திருக்கிறது. காரணம், அங்கு பாதிப் பாடம் கையால் நடப்பது.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரித்தானிய அரசுக்குத் தாயும் மகனும் ஒரே நாளில் பகைநாட்டவர் ஆனார்கள். மரியோவை அஹமத்நகர் முகாமில் தடுத்துவைத்தார்கள். தாயை அடையாறு வளவுக்குள் கட்டுப்படுத்தினார்கள். ஓகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்த நாள். வைஸ்ரோய் கொடுத்த பரிசு மகனின் விடுதலை. அதுவரை வளர்ப்பு மகன் என்றே வெளியுலகம் அறிந்திருந்தவரை அந்தச் செய்தி மகன் என்றே குறிப்பிட்டது. அதன் பிறகும் போர் முடியும்வரை நாடு திரும்ப வழியில்லை. அந்த நிர்ப்பந்தத்தில்தான் கொடைக்கானலிலும் அஹமதாபாத்திலும் நெறிகள் நடந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். 1944இல் இலங்கைக்கும் வந்து ஒரு பயிற்சி நெறி நடத்தினார்.

அந்தப் பயிற்சியில் என்னதான் கற்றார்கள்? ஒவ்வொருவரும் ஒரு கொப்பி எழுத வேண்டும். எந்தப் பொருளை எப்படித் தூக்குவது, பாயில் எங்கே வைப்பது, எந்தக் கையால் தொடங்குவது என்று படம் வரைந்து விளக்கிய கொப்பி. ஒரு சென்றிமீற்றரிலிருந்து பத்து சென்றிமீற்றர் வரையான பத்து மரக் கட்டிகளைக் கோபுரமாக அடுக்கிக் காட்டுவது ஒரு பாடம். ஆசிரியை கூடிய மட்டும் பேசாமல் காட்ட வேண்டும். பெயர் கற்பிப்பது மூன்று படியில் நடக்கும். "இது பெரியது, இது சிறியது" என்பது முதற்படி. "பெரியதைத் தாங்க" என்பது இரண்டாவது. "இது என்ன?" என்பது மூன்றாவது. இரண்டாவது படியில் பிள்ளை மாறி எடுத்தால் "பிழை" என்று சொல்லக்கூடாது, அன்று பாடத்தை நிறுத்திவிட்டு இன்னொரு நாள் தொடங்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, மணிக்கணக்கில் ஒரு மூலையில் இருந்து பிள்ளைகளைப் பார்த்து எழுதுவது. வாயை மூடி இருப்பதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

எழுத்தைச் சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டி, பிள்ளையின் விரலால் தடவச் செய்வார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளிக்கூடத்தின் வழிவந்த நமக்கு இதில் அந்நியமானது ஒன்றுமில்லை.

மொண்டிசோரி இங்கு வந்த 1944க்கு முன்னும் பின்னும் நடந்ததைக் கவனியுங்கள். 1943இல் கன்னங்கராவின் விசேட குழு அறிக்கை. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்பது அதன் முழக்கம். அந்தப் பாலர் வகுப்பு பாடசாலைக்குள் இருந்த ஐந்து வயதுக்காரரின் வகுப்பு. மூன்று, நான்கு வயதுக்காரர் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டனர். 1998இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வியும் ஐந்து வயதிலேயே தொடங்கியது. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் முன்பள்ளிகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பை மாகாண சபைகளிடம் கொடுத்தது. மேற்பார்வைதான், சம்பளம் அல்ல. பெரும்பாலான ஆசிரியைகளின் வருமானம் பெற்றோர் கட்டும் மாதக் காசும் சில இடங்களில் கிடைக்கும் சிறு கொடுப்பனவும்தான். அவ்வளவு சொற்ப வருமானத்துக்கு நீண்ட பயிற்சியை யார் நாடுவார்?

2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் எமது கரையோர ஊர்களில் அழகான முன்பள்ளிக் கட்டடங்கள் எழும்பின. திறப்பு விழாக்களுக்கு நானும் போயிருக்கிறேன். கட்டடத்துக்குக் கல்வெட்டு இருந்தது. ஆசிரியைக்கு மூன்று நாள் பயிலரங்கு இருந்தது.

என் தங்கையின் மகள் அவ்வாறான ஒன்றில் தொடங்கி, பின்னர் சொந்தக் காசில் டிப்ளோமா நெறியொன்றை முடித்தவள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பென்சில் கொடுக்கும் முன் விரல்களைப் பழக்க வேண்டும் என்று படித்தாள். மாவு பிசைதல், சட்டை பொத்தான் போடுதல், ஒரு கோப்பையிலிருந்து மறு கோப்பைக்குப் பயறு ஊற்றுதல். உம்மாமார் வந்து கேட்பது வேறு. "டீச்சர், பக்கத்து நேசரிப் புள்ள ஏபிசிடி முழுக்க எழுதுது, எங்கட மகன் இன்னும் பயறு ஊத்திக்கிட்டு இருக்கானே?" ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுப் பாயிலும் விழுகிறது. "மாமா, படிச்சதச் செய்தா புள்ளைகள் குறையுது, செய்யாட்டி படிச்சது வீண்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

லண்டன் டெப்ற்ஃபோர்ட்டில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் திறந்தவெளிப் பாலர் பாடசாலை நடத்திய மாகரற் மக்மிலன், 1930இல் ஆரம்பித்த கல்லூரியில் மூன்று ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்று நின்றார். நல்ல மனமுள்ள எந்தப் பெண்ணும் போதும் என்று ஊர் சொன்ன காலம் அது. குஜராத்தில் வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேகா 1920இல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கி, ஆசிரியருக்கு வேண்டியதையெல்லாம் குஜராத்தியிலேயே எழுதினார். அவரோடு உழைத்த தாராபாய் மோடக் 1945இல் போர்டியிலும், பிறகு கோஸ்பாடிலும் ஆதிவாசிப் பிள்ளைகளிடம் போனார். விலையுயர்ந்த மரக் கட்டிகளுக்குப் பதிலாக விதை, கல், ஓலை. பொருளை மாற்றினார்கள், ஆசிரியைக்கான பயிற்சியைக் குறைக்கவில்லை. எமது சமூகத்தில் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தனவந்தர்களும் முன்பள்ளிக் கட்டடத்துக்குத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அதே கையால் ஓர் ஆசிரியையின் இரண்டு வருடப் படிப்புச் செலவை ஏற்ற நிர்வாகங்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஐம்பது, அறுபதுகளில் பயின்ற ஆசிரியைகள் எழுதிய பயிற்சிக் கொப்பிகள் இன்னும் சில வீட்டு அலுமாரிகளில் கிடக்கும். மட்டை கிழிந்து, வர்ணப் பென்சில் படங்களோடு. அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களாக இருந்தால், பழைய தாளென்று கடைக்காரருக்கு நிறுத்துக் கொடுக்கும் முன் ஆசிரியர் குழுவுக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் வந்து பார்த்துப் பிரதி எடுத்துக்கொள்கிறேன்.